ஒரே அடுப்புக்காரர்

வலங்கைமான் கடைத்தெருவில் நான் அவரை முதன்முதலாகப் பார்த்த அன்று, அவர் பேச எழுந்ததும் மின்சாரம் போனது. வேறொருவராக இருந்தால் கரண்ட் வரட்டும் என்று சோடா குடித்துக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருப்பார். இவர் இறங்கி வந்தார். முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "உங்க வீட்ல எத்தனை அடுப்பு எரியுதுங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணுதாங்க."

"நீங்க சொல்லுங்க."

"ரெண்டுங்க. மாமியா தனியாப் பொங்கிக்கிறாங்க."

"ஏன் தனியா?"

"அதை அவங்களைத்தாங்க கேக்கணும். பின்னாடிதான் உக்காந்திருக்காங்க."

கூட்டம் சிரித்தது. ஓரமாக நின்றிருந்த ஒருவர், "எங்க வீட்லயும் ஒரே அடுப்புதாங்க. அதுல ஏத்தத்தான் ஒண்ணுமில்ல" என்றார். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். பேச வந்தவரும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுத் தன் வீட்டைப் பற்றிச் சொன்னார். "எங்க வீட்ல நாலு குடும்பம். ஒரே அடுப்பு. எங்கப்பா போனதுக்கப்புறமும் அந்த அடுப்பு ரெண்டாகல. அடுப்பு உடையாத வரைக்கும் குடும்பம் உடையாது. குடும்பம் உடையாத வரைக்கும் இந்த ஊரை எவனும் ஒண்ணும் பண்ண முடியாது."

மின்சாரம் திரும்பி வந்தபோது அவர் மேடைக்குப் போகவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே பேசி முடித்தார். நான் தஞ்சாவூரில் ஒரு நாளிதழின் மாவட்ட நிருபர். தினமும் சாயங்காலம் செய்திகளை உறையில் போட்டு ரயிலடியில் சேர்ப்பது என் வேலை. அவருடைய பேச்சுக்கு நான்கு வரி எழுதினேன். மறுநாள் பேப்பரில் மூன்று வரி வந்தது. மின்சாரம் போன வரியை வெட்டிவிட்டார்கள்.

அவர் ஒரு மிராசுதார். புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்டாலே கல்யாணம் செல்லும் என்று புதிய அரசு சட்டம் கொண்டு வந்தபோது, அதை எதிர்த்து ஊர் ஊராகப் பேசப் போனதுதான் அவருடைய அரசியலின் தொடக்கம். முதலில் ஊர்ப் பஞ்சாயத்துத் தேர்தலில் தோற்றார். அடுத்து யூனியன் தேர்தலிலும் தோற்றார். டில்லியைப் பற்றியோ மொழியைப் பற்றியோ அவர் பேசியதில்லை. வீட்டைப் பற்றி மட்டும் பேசினார். குடித்துவிட்டு அடிக்கிற புருஷன், சொல்லாமல் மெட்ராசுக்கு ஓடிப்போன மகன், பாகம் கேட்டு அப்பன் மேல் கேஸ் போட்ட பிள்ளை. பேச்சோடு நிறுத்தவும் இல்லை. ஓடிப்போன பையனைத் தேடி ஆள் அனுப்புவார். அண்ணன் தம்பி தகராறு என்றால் இரண்டு பேரையும் கூட்டி வைத்து சாப்பாடு போடுவார். அவருக்கு ஓட்டுப் போடாத தெருக்களில்கூட வழக்குத் தீர்க்க அவரைத்தான் கூப்பிட்டார்கள். 'ஒரே அடுப்புக்காரர்' என்ற பெயர் கேலியாகத்தான் ஆரம்பித்தது. கொஞ்ச நாளில் சுவரொட்டியில் அவரே அதைப் போட்டுக்கொண்டார். பக்கத்தில் பானையும் தீயும் வரைந்திருக்கும்.

பேட்டிக்காக அவர் கிராமத்துக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் அந்த அடுப்பை நான் பார்த்தேன். கொல்லைப் பக்கத்துச் சமையற்கட்டில், கல்யாண வீடுகளில் கட்டுவது போன்ற கோட்டை அடுப்பு. அதன் முன்னால் நின்றது ஒரே ஆள். மிராசுதாரின் கடைசித் தம்பி பாம்பு கடித்து இறந்துபோயிருந்தார்; அவருடைய மனைவி. மிராசுதாரின் மனைவியும் மற்ற இரண்டு தம்பிகளின் மனைவிகளும் காய் நறுக்கிக் கொடுப்பார்கள், இலை போடுவார்கள், விசேஷத்துக்குப் போய் வருவார்கள். விசேஷத்துக்கு அழைக்கப்படாத அந்த அம்மாள் காலையிலிருந்து அடுப்பைப் பார்த்துக்கொள்வார். மேடையில் மிராசுதார் சொன்ன ஒரே அடுப்பு அவருடைய இரண்டு கைகளில்தான் எரிந்துகொண்டிருந்தது.

கணவனின் அண்ணனை இந்தப் பக்கத்தில் மச்சாண்டார் என்பார்கள். மச்சாண்டார் எதிரில் தம்பி மனைவி நிற்க மாட்டாள். நேராகப் பேசவும் மாட்டாள். நடுவில் ஒரு மூன்றாம் ஆள் வேண்டும். நான் சாப்பிட உட்கார்ந்தால் அந்த மூன்றாம் ஆள் நான்.

"தம்பி, அவங்களுக்கு மோர் வேணுமான்னு கேளுங்க" என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வரும்.

நான் வாய் திறப்பதற்குள், பக்கத்து இலையிலிருந்து மிராசுதார், "போதும்னு சொல்லுங்க தம்பி" என்பார்.

நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நான் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஒருநாள் மிராசுதார் வரத் தாமதமானது. கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்த என்னிடம் அந்த அம்மாள் நேராகவே பேசினார். "பேப்பர்ல இவங்க வீட்டைப் பத்தி எழுதுறீங்கல்ல தம்பி. என் வீட்டுக்காரர் பங்கு எதுன்னு எனக்குத் தெரியும். வாய்க்கா மேட்டுல நின்னு பாத்தா கடைசித் தென்னை வரைக்கும். அதுலேருந்து ஒரு மரக்கா நெல்லு நானா அளந்து எடுத்தது கிடையாது."

"கேட்டிருக்கீங்களா?"

"கேட்டா அடுப்பு ரெண்டாயிடும்பாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "எட்டாவது முடிச்சதும் எம்பொண்ணை அவங்க மச்சினர் மகனுக்குக் கட்டறதாப் பேச்சு நடக்குது. கட்டிட்டா அந்தப் பங்கும் அப்படியே உள்ளயே இருந்துடும் பாருங்க. அவ தஞ்சாவூர்ல தங்கிப் படிக்கணும்கிறா. அதுக்கு அந்தக் கடைசித் தென்னை என் கையில இருந்தாத்தான் முடியும்" என்றார்.

புகார் சொல்லும் குரல் இல்லை அது. தண்ணீர் எந்த மடையில் நிற்கிறது என்று சொல்லுவது போல இருந்தது.

அப்போது நில உச்சவரம்பைப் பாதியாகக் குறைத்துச் சட்டம் வந்திருந்தது. கீழத்தஞ்சை முழுக்கச் செங்கொடிச் சங்கங்கள் மனு எழுதிக்கொண்டிருந்தன. எந்தப் பண்ணை யார் பெயரில் ஒளிந்திருக்கிறது என்று அறுவடை ஆட்களுக்குத் தெரியாமல் இருக்குமா? அந்தக் கிராமத்து விவசாயத் தொழிலாளர் சங்கமும் ஒரு மனு கொடுத்தது. நிலம் முழுவதும் மிராசுதார் ஒருவர் கையில்தான் இருக்கிறது, உபரியை எடுத்து நிலமில்லாதவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது மனு. மிராசுதார் தரப்பில் பதில் தயாராக இருந்தது: சட்டம் வருவதற்கு வெகு காலம் முன்பே வாய்மொழியாகப் பாகம் பிரிந்துவிட்டது, நான்கு பங்கும் நான்கு பேருடையது, எதுவும் வரம்பைத் தாண்டவில்லை. கும்பகோணத்து வக்கீல் இப்படி எழுதிக் கொடுத்துவிட்டு, கையோடு வீட்டுக்கு வந்து சமையற்கட்டை எட்டிப் பார்த்தார். நானும் கூடத்தில்தான் இருந்தேன்.

"இது என்னங்க?" என்று கோட்டை அடுப்பைக் காட்டினார்.

"எங்க அடுப்பு" என்றார் மிராசுதார் பெருமையாக.

"இதை அதிகாரி பாத்தார்னா கேஸ் முடிஞ்சுது. பாகம் பிரிஞ்சவன் தனியாத்தாங்க பொங்கித் திம்பான். சேந்து சமைச்சா சேந்த குடும்பம். விசாரணையில முதல்ல அடுப்பைத்தான் எண்ணுவாங்க."

மிராசுதார் அடுப்பின் விளிம்பில் கை வைத்துப் பார்த்தார். பிறகு காரியக்காரரை, அதாவது பண்ணை மேற்பார்வை பார்ப்பவரைக் கூப்பிட்டு, மண் குழைக்கச் சொன்னார்.

மூன்று புதிய அடுப்புகள் வந்தன. ஒன்று கீழண்டைத் தாழ்வாரத்தில், ஒன்று மேலண்டையில், கடைசித் தம்பி மனைவிக்குக் கொல்லையில் ஒரு கீற்றுக் கொட்டகை. புது மண் அடுப்பு புதுசாகத் தெரியக் கூடாது, கரி பிடிக்கும்வரை எரிக்க வேண்டும் என்றார் வக்கீல். நாடகம் ஒழுங்காக நடக்கட்டும் என்று நெல்லும் பருப்பும் பாத்திரமும் நான்காகப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. ஆளுக்கொரு பத்தாயம் என்று நெல் கொட்டும் மரப்பெட்டிகள்கூட இடம் மாறின. எல்லாம் ஒரு வாரத்துக்குத்தான்.

விசாரணை தள்ளிப்போனது. தேர்தல் வந்தது, அதனால் தள்ளிப்போனது. அதிகாரி மாற்றலாகிப் போனார். புது அதிகாரி வந்து தேதி கொடுத்தார், அன்று மழை. குறுவை அறுப்பில் ஆரம்பித்த நாடகம் சம்பா நடவு முடிந்தும் முடியவில்லை. இரண்டு தம்பிகளின் மனைவிகளுக்கும் அலுத்துவிட்டது. தாழ்வாரத்து அடுப்புகளில் காலையில் கொஞ்சம் வைக்கோலைக் கொளுத்திப் புகை காட்டிவிட்டு, சாப்பாட்டுக்குப் பழையபடி கோட்டை அடுப்புக்கே வந்துவிட்டார்கள். அங்கே இப்போது சமைக்க ஆளில்லை என்பது தெரிந்ததும் சமையலுக்கு ஒரு ஆளை வைத்தார்கள்.

ஏனென்றால் கொல்லைக் கொட்டகையிலிருந்து அந்த அம்மாள் திரும்பி வரவில்லை. அவர் பங்கு நெல்லை அவரே வேக வைத்தார், அவரே அளந்தார். விசாரணைக்குக் காட்டுவதற்காகத் தனிச் சாகுபடி என்று பேருக்குக் காரியக்காரர் பிரித்துவிட்ட வயலில், வரப்பில் நின்று நடவு ஆட்களை அவரே கூப்பிட்டார். சங்கம் கேட்ட கூலியைப் பேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். அந்த ஊரில் அதை முதலில் ஒப்புக்கொண்ட பண்ணை அதுதான். ஆட்கள் முதலில் அவர் வயலில் இறங்கினார்கள். மற்ற வயல்களில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது.

நான் போயிருந்த ஒரு காலையில் மிராசுதார் கொட்டகைக்குச் சற்றுத் தள்ளி வந்து நின்றார். என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

"தம்பி, கேளுங்க. சங்கத்துக்காரன் கேக்குற கூலியை இவங்க யாரைக் கேட்டுக் கொடுத்தாங்க?"

கீற்றுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "பாகம் பிரிஞ்சு வருஷக்கணக்காச்சுன்னு வக்கீல் எழுதிக் கொடுத்திருக்காரே தம்பி. பிரிஞ்சவங்க யாரைக் கேட்டுக் கொடுக்கணும்னு அவங்களையே கேளுங்க."

"அது விசாரணைக்காக எழுதினதுன்னு சொல்லுங்க."

"விசாரணை இன்னும் முடியலையேன்னு சொல்லுங்க."

மிராசுதார் மேல்துண்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். "வக்கீலுக்கு வீணாக் கும்பகோணம் வரைக்கும் போனேன் தம்பி" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர் முகத்தில் கோபத்தைவிட வியப்புதான் அதிகம் இருந்தது. இத்தனை வருஷத்தில் அந்தக் குரலை மோர், ரசம் என்பதற்கு மேல் அவர் கேட்டதில்லை.

அந்தத் தேர்தல் பிரசாரத்தில் அவர் பின்னாலேயே நான் சுற்றினேன். ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்கும் நிருபருக்கு, பேச்சில் ஒரு சொல் விழுந்தாலும் காதில் படும். "எங்க வீட்ல ஒரே அடுப்பு" என்ற வாக்கியம் முதலில் "எங்க வீட்ல எல்லாரும் ஒரே குடும்பம்" என்று ஆனது. பிறகு அதுவும் போய், கள்ளச்சாராயத்தைப் பற்றிய பேச்சு நீண்டது. சுவரொட்டியில் பானை மட்டும் அப்படியே இருந்தது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கூட்டத்தில் சங்கத்துப் பேச்சாளர் அதைப் பிடித்துக்கொண்டார். "ஒரே அடுப்புக்காரர் வீட்டுக்கு மேல நாலு புகை போவுதுன்னு சொல்றாங்களே, நெசமா?" மறுநாள் அதே இடத்தில் மிராசுதார் மேடை ஏறியதும், "புகை நாலு! புகை நாலு!" என்று பையன்கள் கத்தினார்கள். அவர் கையமர்த்திவிட்டு, "நாலு புகை வந்தா நாலு இடத்துல சோறு வேகுதுன்னு அர்த்தம். உங்களுக்கு அதுல என்ன கஷ்டம்?" என்றார். கைதட்டினார்கள். மேடையில் அவர் தடுமாறியதை நான் பார்த்ததே இல்லை.

வாக்குப்பதிவு முடிந்து, எண்ணிக்கைக்கு முன்னால் கிடைத்த இடைவெளியில்தான் விசாரணை நடந்தது. அதிகாரி தென்மாவட்டத்துக்காரர், அதிகம் பேசாதவர். கூட ஒரு எழுத்தர், சங்கத்தின் சார்பில் இரண்டு பேர், வக்கீல், பத்திரிகைக்கு நான். அதிகாரி முதலில் கீழண்டைத் தாழ்வாரத்துக்குப் போனார். அடுப்பைத் தொட்டுப் பார்த்தார். கரி நன்றாகவே பிடித்திருந்தது.

"உப்பு எங்கேம்மா வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

மூத்த தம்பியின் மனைவி இரண்டு பானைகளைத் திறந்து பார்த்தார். ஒன்றில் ஒன்றுமில்லை. மற்றதில் பழைய துணி இருந்தது. மேலண்டை வீட்டில் இதே கேள்விக்கு இரண்டாவது தம்பியின் மனைவி பழக்கத்தில் கோட்டை அடுப்புப் பக்கம் நடந்துவிட்டார். சங்கத்து ஆள் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். வக்கீல் கூரையைப் பார்த்தார்.

கடைசியாகக் கொல்லைக் கொட்டகை. அதிகாரி கேள்வி கேட்கத் தேவையே இருக்கவில்லை. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஓரத்தில் தெள்ளிய சாம்பல் குவித்து மூடியிருந்தது. கை எட்டும் இடத்தில் உப்பு மரவை, தூக்கில் ஊறுகாய், கயிற்றில் பெண்ணின் பள்ளிக்கூடப் பாவாடை. உள்மூலையில் அடுத்த சாகுபடிக்கு விதை நெல் வேப்பிலை போட்டுக் கட்டி வைத்திருந்தது.

"நிலம் யாரோடதும்மா?"

அந்த அம்மாள் மச்சாண்டார் நிற்கும் பக்கம் முதுகைக் காட்டி நின்றுகொண்டு அதிகாரியிடம் நேராகச் சொன்னார். "எங்க வீட்டுக்காரர் பங்கு. இப்ப என்னோடது. வாய்க்கா மேட்டுலேருந்து கடைசித் தென்னை வரைக்கும்."

"யார் சாகுபடி?"

"நான்தான். யாருக்கு என்ன கூலின்னு அவங்களையே கேளுங்க" என்று சங்கத்து ஆட்களைக் காட்டினார். அவர்கள் இல்லை என்று சொல்ல முடியாது. அந்த வயலில் நடவு நட்டது அவர்கள் வீட்டுப் பெண்கள்.

அதிகாரி மிராசுதாரைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. இவங்க சொல்றது சரியா? இந்த அடுப்பும் அந்தப் பங்கும் இவங்களோடதுதானா?"

எழுத்தர் பேனாவோடு காத்திருந்தார். ஆமாம் என்றால் அந்த நிலம் அவர் கையை விட்டு நிஜமாகவே போகிறது. இல்லை என்றால் மொத்த நிலமும் ஒரே கணக்காகி, வரம்புக்கு மேல் உள்ளதெல்லாம் உபரியாகப் போகிறது. ஆமாம் என்று சொல்லுங்கள் என்பது போல வக்கீல் அவரைப் பார்த்துத் தலையை அசைத்தார். மிராசுதார் வக்கீலைப் பார்க்கவில்லை. கொதிக்கிற குழம்பைப் பார்த்தார்.

"அவங்களோடதுதாங்க" என்றார். "எழுதிக்குங்க."

ஒரு பங்கு தனியாக அனுபவிக்கப்படுவது சந்தேகமில்லாமல் தெரிவதால் பாகப்பிரிவினை நடந்தது உண்மையே என்று உத்தரவு வந்தது. அந்த ஒரு அடுப்பின் மேல் நான்கு பங்கும் நின்றன. சங்கம் மேல்முறையீடு செய்தது. அது வருஷக்கணக்கில் நடந்தது. எப்போது வேண்டுமானாலும் மறுபடி ஆள் வந்து பார்க்கலாம் என்பதால், அந்த அம்மாளின் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது மிராசுதாரின் பொறுப்பாகிவிட்டது. மழையில் கீற்று ஒழுகியபோது அவரே ஓடு போட்டுக் கொடுத்தார். மச்சினர் மகன் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. எட்டாவது முடித்த பெண் தஞ்சாவூர் விடுதிக்குப் போனாள். நிலம் கிடைக்கும் என்று மனுப் போட்டவர்களுக்கு நிலம் கிடைக்கவில்லை; அதை நான் அப்படியே எழுதினேன். அவர்களுக்குக் கிடைத்தது கூலி. அடுத்த அறுப்பில் மிராசுதாரும் அதே கூலியைக் கொடுத்தார். கொடுக்காவிட்டால் அவர் வயலுக்கு ஆள் வராது.

அந்தத் தேர்தலில் அவர் ஜெயித்தார். சட்டசபையில் சாராயத்தைப் பற்றி நன்றாகப் பேசினார் என்று சொல்வார்கள். அடுத்த முறை தோற்றார். அதற்குப் பிறகு நிற்கவில்லை, ஆனால் கூட்டங்களுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். தம்பிகள் இரண்டு பேரும் நிஜமாகவே பிரிந்தார்கள்; பிள்ளைகள் படித்து திருச்சிக்கும் சென்னைக்கும் போனார்கள், பின்னாலேயே பெற்றவர்களும் போனார்கள். மிராசுதாரின் மனைவி காலமானார். கோட்டை அடுப்பில் கோழி முட்டையிட ஆரம்பித்தது.

மகளுக்கும் மகனைப் போலவே பூர்வீகச் சொத்தில் பங்கு என்று மாநில அரசு சட்டம் கொண்டு வந்தபோது, எதிர்த்துப் பேச அவரைத்தான் கூப்பிட்டார்கள். பூதலூரில் கண்டனக் கூட்டம். அவரை அழைத்துப் போகக் கார் வந்திருந்தது. கூடவே போய்ச் செய்தி எடுக்க நானும் போயிருந்தேன். புறப்படுவதற்கு முன் சாப்பிட உட்கார்ந்தோம். இலை வந்தது கொல்லை வீட்டிலிருந்து. மனைவி போன நாளிலிருந்து அவருக்கு அங்கிருந்துதான் சாப்பாடு.

காருடன் வந்திருந்த கட்சிக்காரர், "ஐயா, இன்னைக்கு அந்தப் பழைய அடுப்புப் பேச்சைப் பேசணும். ஒரே அடுப்பு. அதைக் கேக்கத்தான் ஜனங்க வர்றாங்க" என்றார்.

"பேசலாமே" என்றார் மிராசுதார். "இப்பவும் இந்த வீட்ல ஒரே அடுப்புதான் எரியுது. தம்பி, நீங்களே பாக்குறீங்கல்ல?"

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. வயதாகியும் அதே குரல். "தம்பி, அடுப்பு ஒண்ணுதான். அது யாரோடதுங்கிறதையும் சேத்துப் பேசச் சொல்லுங்க."

கட்சிக்காரர் யார் பேசுவது என்று திரும்பிப் பார்த்தார். மிராசுதார் ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்து முடித்தார். அவசரப்படவில்லை.

"அதை எப்பவோ எழுதிக் கொடுத்தாச்சுன்னு சொல்லுங்க தம்பி" என்றார். "மாத்திப் பேச மாட்டேன்னும் சொல்லுங்க."

பூதலூரில் அவர் நெடுநேரம் பேசினார். சாராயத்தைப் பற்றி, வரதட்சணையைப் பற்றி, ஓடிப்போகிற பிள்ளைகளைப் பற்றி. எதற்காகக் கூட்டம் போட்டார்களோ அந்தச் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கூட்டம் போட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் நன்றாகக் கைதட்டினார்கள். நான் நான்கு வரி எழுதினேன். இந்த முறை நான்கும் வந்தன.